டிக்கக் வெடி

'சீனி டிக்கக் வெடி' என்றாள்
வெள்ளவத்தை ஆய்வுகூடத்துப் பெண்.
கொஞ்சம் கூட என்றுதான் பொருள்.
முப்பது வருடம் கொழும்பில் இருந்தும்
அந்தக் கடைசிச் சொல்லைக் காது
முதலில் தமிழில்தான் கேட்கிறது.
தோள் ஒருதரம் குறுகியது.
கண்ணாடி ஜன்னலைப் பார்த்தேன், முழுதாக இருந்தது.
அவள் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள்.

காலி வீதி வெயிலில்
பஸ் தரிப்பில் நின்று உறையைக் கிழித்தேன்.
வெறும் வயிற்றில்: நூற்றிப் பதினொன்று.
அட, பரவாயில்லையே!
ஒரு கிழமையாகப் பாகற்காய், குரக்கன் பிட்டு,
தண்டவாளத்தோரம் பம்பலப்பிட்டி மட்டும் நடை.
சோதனைக்கு முதல்நாள் விழித்திருக்கும் பெடியனைப் போல
நானும் கொஞ்சம் படித்துத்தான் போயிருந்தேன்.

கீழே இன்னொரு வரி.
எச்பிஏவன்சி: எட்டு தசம் இரண்டு.

டொக்டர் பேனையால் வட்டம் போட்டார்.
சிவப்பணு ஒன்று நாலு மாதம் வரை உயிரோடிருக்குமாம்.
இரத்தத்தில் மிதக்கும் சீனி அதில் ஒட்டுமாம்.
ஒட்டினால் கழராது,
அது சாகும் மட்டும்.

இவ்வளவு விளக்கியிருக்கத் தேவையில்லை.
நாலாம் குறுக்குத்தெருவில்
சீனி மொத்த வியாபாரி நஸ்ருதீன் ஹாஜியாருக்குப்
பேரேடு எழுதுகிறவன் நான்.
வெறும் வயிற்று எண் என்பது
கடை பூட்டும் நேரம் லாச்சியில் கிடக்கும் காசு.
ஆள் பார்க்க வருகிறார் என்றால்
கைமாற்று வாங்கியும் நிரப்பலாம்.
மற்றது பேரேடு.

பின்னேரம் மேசையில் இருந்து
தொண்ணூறு நாளையும் புரட்டினேன்.
துறைமுகத்தில் கொள்கலன் மறிபட்ட திங்கள்:
ஒன்பது பிளேன்ரீ, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி.
சுகிர்தமலர் என்னோடு பேசாதிருந்த வெசாக் கிழமை:
ஐஸ்கிறீம் தன்சல் வரிசையில்
தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டாந்தரமும் நின்றேன்.
பிறகு அந்தத் தொதல்,
குளிர்சாதனப் பெட்டியின் வெளிச்சத்தில், நின்றபடியே.
அதை யாரும் எழுதவில்லை என்று
இன்று காலை மட்டும் நினைத்திருந்தேன்.

வாசலில் லொறி.
நாட்டாமிகள் ஐம்பது கிலோ மூட்டைகளை
முதுகில் வாங்கி உள்ளே வருகிறார்கள்.
ஒன்றில் ஓட்டை. நிலமெல்லாம் நறநறக்கிறது.

'எவ்வளவு கொட்டுண்டது?' ஹாஜியார் உள்ளிருந்து கத்துகிறார்.
'டிக்கக், முதலாளி' என்று சிரிக்கிறான் மூட்டைக்காரன்.

நான் பேனையை மூடவில்லை.
டிக்கக் என்றால் எவ்வளவு?
கூட்டி அள்ளு.
தராசில் வை.