பதினோரு மாதம்

பெங்களூரில் எல்லாவற்றுக்கும் பதினோரு மாதம்தான்:
வீட்டுக்கு, கடைக்கு,
இப்போது ஒரு குதிரைக்கும்.

ஜக்கூரில், விமான ஓடுதளத்துக்குப் பின்புறம்,
ஏழு லாயங்கள். ஆறாவதில் அவள்.
பந்தய மைதானத்தில் அவள் பெயர் நோ ரிக்ரெட்ஸ்;
ஒன்பது ஓட்டம், ஒரே ஒரு மூன்றாம் இடம்.
இங்கே மௌலாலி கூப்பிடுவது ஜீரா.
எந்தப் பெயருக்கும் ஒரு காதுதான் திரும்புகிறது,
மற்றது வேறெதையோ கேட்டபடி இருக்கிறது.

வாரம் மூன்று நாள். மாதம் பதினாலாயிரம்.
லாடத்தில் பாதி, மருத்துவருக்குப் பாதி.
விழுந்தால் முழுவதும் நான்.
திருமதி பெள்ளியப்பா இதைச் சிரிக்காமல் சொன்னார்.

என் பிழைப்பு, இடிபட்ட கார்களைப் பார்ப்பது.
சொட்டையில் விரல் வைத்தால் தெரிந்துவிடும்
எந்தப் பக்கமிருந்து, என்ன வேகத்தில், யார் பொய்.
இவளை இரண்டு முறை சுற்றி வந்தேன்.
இடது முன்னங்காலில் பழைய சூட்டுத் தழும்பு,
அவ்வளவுதான்.
அடி எங்கே பட்டதென்று
தோல் எதுவும் சொல்லவில்லை.

தலைக்கு மேல் ஒரு பயிற்சி விமானம்
தகர டப்பாவை உலுக்குவதுபோலப் போனது.
அவள் புல்லை மென்றுகொண்டிருந்தாள்.
பிறகு வேலியோரம் ஒரு காலிப் பால் கவர்
அரை அடி நகர்ந்தது.
ஐந்நூறு கிலோ
ஒரே தாவலில் அடுத்த நிமிடத்துக்குப் போய்விட்டது.
கயிறு மௌலாலியின் உள்ளங்கையைத் தீய்த்தது.

நீலத் தார்ப்பாய் ஆகாதாம். குடை ஆகாதாம்.
நாலு மணி வெயிலில் தண்ணீர்த் தொட்டி ஆகாது,
காலையில் அதே தொட்டி பரவாயில்லை.
வெள்ளை ஷூ போட்டவர்கள்.
ஏன் என்று கேட்டேன்.
"கேட்டா அது சொல்லுதா மேடம்" என்றான்,
என் காலைப் பார்த்தபடி.
மறுநாள் கறுப்பில் ஒரு ஜோடி வாங்கினேன்.
அது முடிவெடுத்ததாகாது.

எனக்கு முன்னால் எடுத்தவர்
பதினேழாம் நாள் திருப்பிக் கொடுத்தார்,
காரை எலும்பில் தகடு வைத்த பிறகு.
அன்று அவள் ஓடவில்லையாம்.
அவர் விழுந்த இடத்திலேயே நின்று,
நடுங்கிக்கொண்டு,
அவரையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்
ஆம்புலன்ஸ் வரும்வரை.
ஆம்புலன்ஸைக் கண்டுதான் ஓடினாளாம்.

அலுவலகத்தில் வசுமதி சொன்னாள்:
குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்,
நீ அந்தக் குழிக்கு அட்வான்ஸ் கொடுக்கிறாய்.
சிரித்தேன். சரியாகத்தான் சொன்னாள்.
கேப்டன் என்று இன்னொரு குதிரை இருக்கிறது,
பதினெட்டு வயது, பட்டாசுக்கும் கண் சிமிட்டாது,
அதே வாடகை.
ஏறி ஒரு சுற்று வந்தேன்.
லிஃப்டில் போவதுபோல இருந்தது.

நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பார்கள், மாந்தோப்பை,
ஏரி மீனை. முடிவில் ஏதாவது கைக்கு வரும்.
போன வியாழக்கிழமை ஜீரா
மூக்கை என் கைமீது வைத்தாள்.
சூடாக, ஈரமாக ஒரு மூச்சு.
அப்போதுதான் தெரிந்தது
நான் மூச்சு விடாமல் நிற்பது.
எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.
இதைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது?

ஒப்பந்தம் இரண்டு தாள்.
லாயத்து வாசலில் நின்று பிரித்தேன்.
சரக்கென்ற அந்தச் சத்தத்துக்கே
பின்சுவரில் போய் ஒட்டிக்கொண்டாள்,
கண்ணில் வெள்ளை தெரிய.
நாலாவது ஷரத்து:
குதிரையின் இயல்பான அச்சத்துக்கு
உரிமையாளர் பொறுப்பல்ல.
திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் என்றார்.

இன்று ஞாயிறு, இரவு பதினொன்று.
கையெழுத்து இன்னும் போடவில்லை.
சமையல் மேடையில் அந்தத் தாளை
மடிக்கிறேன், பிரிக்கிறேன்,
மறுபடி மடிக்கிறேன்.
ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டு
மிக மெதுவாக இழுத்தால்
ஏறக்குறைய சத்தமே வருவதில்லை.