நெற்றி லேயர்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு முப்பதடி முன்னால்
என் ஃபிளெக்ஸ் கடை.
கரண்ட் பில் மலையாளத்தில் வரும்,
கடன்காரர்கள் தமிழில்.

காலையில் தோழர் திருமலைசாமி.
பேரில் மலையும் உண்டு, சாமியும் உண்டு,
ஆளிடம் இரண்டும் இல்லை.
படத்தைப் பார்த்ததும் சொன்னார்:
'நெத்தியில வெள்ளையா என்னமோ இருக்கு, எடுத்துரு.'
ட்யூப்லைட் வெளிச்சம் தோழர், என்றேன்.
'எதிராளி அதைத் துண்ணூறும்பான்.
கடவுள் பேரச் சொல்லாம
பதவியேத்துக்கப் போற ஆளு நானு.'
எடுத்தேன்.

மதியம் எல்லை தாண்டி வந்தார் மாசிலாமணி.
இருபது வருஷம் மேடை மேடையாக
இல்லை இல்லை என்று தொண்டை கட்டியவர்.
குரலைத் தாழ்த்தி
'லேசா ஒரு கீத்து' என்றார்.
'பட்டையெல்லாம் வேண்டாம்.
கும்புடறவன் பார்த்தா இருக்கணும்,
நம்மாளு பார்த்தா இருக்கப்படாது.'
நாற்பது சதவீத அடர்த்தியில் வைத்தேன்.
பத்தடி அகலத்தில்
நாற்பது சதவீத பக்தி போதுமானதாகவே இருந்தது.

மெஷின் ஓட்டும் ஷாஜகான்
எட்டு வருஷம் வளைகுடாவில் இருந்தவன்.
விசா பாரத்தில் மதம் என்றொரு கட்டம்,
காலியாக விட்டால்
அடுத்த பக்கமே திறக்காதாம்.
அவன் மச்சினிக்கு டென்மார்க்கில் வேலை.
அங்கே ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம்
சாமி உண்டா என்று கேட்டால்
காய்ச்சலா என்று நம் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்களாம்.
அமெரிக்காவில்
சாமியை வாழ்த்தாமல் மைக்கை விட்டு இறங்க முடியாதாம்.
மை உலரும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

தூக்கக் கலக்கம்.
நள்ளிரவில் லேயர் மாறிவிட்டது.
விடிந்தபோது
கள்ளுக்கடை முக்கில்
எட்டடி உயரத்தில் சிரிக்கிறார் தோழர்,
நெற்றியில் அந்த நாற்பது சதவீதம்.

மூன்று நாள் நான் போனை எடுக்கவில்லை.
யாரும் கூப்பிடவும் இல்லை.
தென்னைக்குத் தண்ணீர் இல்லாத ஒருவர் மட்டும்
வண்டியை நிறுத்தி,
ஆளியாற்றுத் தண்ணி எப்போ வரும்னு
இதுல எங்க போட்டிருக்கு, என்று தேடினார்.

நாலாம் நாள் தோழரே வந்தார்.
முக்கில் நின்று அண்ணாந்து பார்த்தார், வெகுநேரம்.
கைக்குட்டையால்
சொந்த நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.
'இறக்கி மாட்ட எவ்வளவு ஆகும்?'
காசு வேண்டாம் தோழர், தப்பு என்னோடது,
இப்பவே ஏணி எடுக்கிறேன், என்றேன்.

கள்ளுக்கடையிலிருந்து இரண்டு பேர்
அந்த முகத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி போனார்கள்.
படத்தையா, ஆளையா தெரியவில்லை.

'வெயில் ஏறிருச்சு' என்றார் தோழர்.
'எண்ணிக்கை முடியட்டும், பார்த்துக்கலாம்.'