கறுத்தப் பொட்டு

நான் மூன்றாம் பாகத்தை முடிக்க முன்னம்
நாலாம் பாகம் கடைக்கு வந்துவிட்டது.
'யாழ்ப்பாணத் துப்பறிவாளி - 4.'
என் தலைப்பு. என் அட்டையின் அதே மஞ்சள்.
எழுதினவர் சாவகச்சேரியில் ஆரோ.
முதல் அத்தியாயத்திலேயே
என் தபால்கந்தோர்ப் பெட்டையை
ஒரு பல்வைத்தியருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்.

பகலில் நான் காணிப் பதிவுக் கந்தோரில்
பிறத்தியாரின் எல்லைகளுக்கு முத்திரை குத்துகிறவள்.
அன்றிரவு பெனடிக்ற்றின் அச்சகத்துக்குப் போன் எடுத்தேன்:
தலைப்பின் தோளில், சின்ன வட்டத்துக்குள், ஒரு ஆர்.
சவர்க்காரப் பெட்டியில் இருக்குமே, அது.
"பதிஞ்சாச்சோ அக்கா?"
"நீ போடு."
இருநூற்று நாற்பது பிரதி
கஸ்தூரியார் வீதியிலிருந்து ஓட்டோவில் வந்தன,
மை மணக்க.

பிறகுதான் சட்டத்தரணியிடம் போனேன்.

அருந்தவநேசன் புத்தகத்தைத் திறக்கவில்லை.
கள்ள நோட்டுப் பார்ப்பதுபோல
அட்டையை ஜன்னலுக்குப் பிடித்தார்.
"யாழ்ப்பாணம் உம்மட இல்லை.
துப்பறிவாளி எண்டதும் உம்மட இல்லை.
ரெண்டையும் ஒட்டினாலும்
ஊர்ப்பேரும் தொழிற்பேரும்தானே.
உதுக்கு வேலி போடுறது கஷ்டம்."
"எழுதின கதை?"
"அது எழுதின நேரம் தொட்டு உம்மட.
பக்கத்தைத் தூக்கினானெண்டால் கொண்டு வாரும்.
பேர் வேற வழக்கு.
பேர் உம்மைக் காட்டவேணும், சரக்கை இல்லை.
உப்புக்கு உப்பெண்டு பேர் வைச்சால்
கடல் முழுக்க உமக்கு எதிராளி."
"என்ர பெட்டை?"
"அது சண்டை. நீளும்."

பிறகு அந்த வட்டத்தில் விரலை வைத்தார்.
"இது ஆர்?"
"ஆர்தான்."
"அதில்லை. ஆர் போடச் சொன்னது?"

பதியாத பேருக்குப் பதிந்த குறி
குற்றமாம்.
மூன்று நாவலிலும் எனக்குத் தோன்றாத குற்றம்:
பிணமில்லை, ஆயுதமில்லை,
சாட்சி மட்டும் இருநூற்று நாற்பது.

வெள்ளிக்கிழமை. கரண்டும் இல்லை.
நிலத்தில் குந்தியிருந்து மார்க்கரால்
அட்டைக்கு ஒரு கறுத்தப் பொட்டு.
நூறு வரை வட்டம் வட்டமாகவே வந்தது.
அதன்பின் கை சோர்ந்து
ஒரு பக்கம் வாலிழுத்து, வாற்பேத்தை.
இருநூற்று ஆறில் மார்க்கர் செத்தது.
மிச்சத்துக்கு மகளின் பள்ளிக்கூடப் பையைக் கிண்டினேன்.

ஒரு மாதம் போயிருக்கும்.
பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கடையில்
விற்ற கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
காரைநகர் பஸ் உறுமிக்கொண்டு நிற்க
ஒரு பெடியன், தோளில் கிரிக்கெற் பை,
"கறுத்தப் பொட்டுப் புத்தகம் இருக்கோ அண்ணை?"
கடைக்காரர் நாலாம் பாகத்தை நீட்டினார்.
மஞ்சள். யாழ்ப்பாணம். துப்பறிவாளி.
பெடியன் தலைப்பின் தோளை மட்டும் பார்த்தான்.
"இதில்லை. பொட்டில்லையே."

நான்தான் எழுதினது என்று சொல்லவில்லை.
விரல்நுனியில் மை இன்னும் போகாமல் இருந்தது,
கையை மேசைக்குக் கீழே விட்டேன்.

"உதைப் பதியலாம்" என்றார் அருந்தவநேசன்.
முதல் தடவையாகச் சிரித்தார்.
பதினாறாம் வகுப்பு, அச்சிட்ட பொருள்.
கொழும்புக்கு அனுப்பவேணும்.
ஆரும் மறுத்தால் பதில் எழுதவேணும்.
கிடைத்தால் பத்து வருஷம்,
பிறகு புதுப்பிக்கவேணும்,
பாவியாமல் வைச்சிருந்தால் பறிபோகும்.
கந்தோரில் நானே நூறு பேருக்குச் சொல்வதுபோலத்தான் இருந்தது.

படிவத்தில் 'குறி இங்கே' என்று ஒரு கட்டம்.
மார்க்கரைத் திறந்து அழுத்தினேன்.
வாலோடுதான் வந்தது.
மை தாளுக்குள் இறங்கி அடுத்த பக்கத்தில் ஊறியது,
சொந்தக்காரரின் பெயர் என்ற கோட்டுக்கு மேல்.
புனைபெயர் அதில் போடேலாதாம்.
எட்டு வருடமாக ஆருக்கும் சொல்லாத பேர்.

அவர் வேறு தாள் எடுக்க எழும்பினார்.
வேண்டாம் என்றேன்.
காயட்டும் என்று இருந்தேன்,
அதன் பக்கத்தில்
சுகிர்தமலர் என்று எழுத.