எது முதலில் உடையட்டும்

பனிக்கடியில் ஒளிந்திருந்தது
வாகனத் திடலின் சிமெண்ட் விளிம்பு.
கலப்பை முட்டிய சத்தம் பல்லில் கேட்டது.
இறங்கிப் பார்த்தேன்:
இடது சக்கரம் லாரமி ஊரைப் பார்த்து நிற்க
வலது சக்கரம்
பள்ளத்தோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தது.
நடுவே டை ராடு,
வெள்ளரிப் பிஞ்சாய் வளைந்து.

டெல்பர்ட்டின் கொட்டகையில் ஹீட்டர் இருமியது.
"பழைய தடிக்கு மேலேயே சட்டை மாட்டலாம்,
அறுபது டாலர், அரை மணி வேலை.
இது தடித்த குழாய்.
இது..." குரலைத் தாழ்த்தினான், தேவாலயத்தில் போல,
"குரோமோலி. தூக்கிப் பார்."

தூக்கினேன்.
இதை வளைக்க ஒரு மலை இறங்கி வரவேண்டும்.
இதையே போடு என்று
பாதி சொல்லியும் விட்டேன்.

அவன் விளக்கை ஸ்டியரிங் பெட்டியின்மேல் பிடித்தான்.
"அடி எங்காவது போய்ச் சேரணும், ட்வைலா.
வளையாததைப் போட்டால் அது கைமாற்றிவிடும்,
பிட்மன் ஆர்முக்கு.
அதுவும் தாங்கினால் பெட்டிக்கு.
பெட்டி தொள்ளாயிரம்.
டென்வரிலிருந்து வரணும், புயலுக்கு நடுவே."

பலம் வாங்க வந்தவள்
பலவீனத்துக்கு இடம் தேடி நின்றேன்.
எது முதலில் போகலாம்,
எது போகவே கூடாது.
வங்கித் தவணையை நினைத்தேன்.
என் வலது முழங்காலை நினைத்தேன்.
மருத்துவமனை வாசலை விடியுமுன்
வழித்துத் தருவதாய்ப் போட்ட கையெழுத்தை.

தடித்த குழாயை எடுத்தேன்.
இன்னொன்றும், உதிரியாக, இருக்கைக்குப் பின்னால்.
டெல்பர்ட் எதுவும் சொல்லவில்லை.
சிரித்திருப்பான், தாடியில் தெரியாது.

ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை.
ஒரே திருகலில்
இரண்டும் ஒருசேர விலகுகின்றன.
டயர்களில் சாக்பீஸ் கோடு இழுத்து
அளவுநாடா பிடித்தோம்,
முன்னால் அவன், பின்னால் நான்.
"கால் அங்குலம்."
"இல்லை, அரைக்கால்."
திரும்ப அவிழ்த்து, திரும்ப முடுக்கி,
பதினொன்றரைக்குத்தான்
இரண்டு வாயிலும் ஒரே எண் வந்தது.

மூன்றரை மணி.
நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.
ஊருக்குள் மஞ்சள் விளக்கு சுழல
நான் மட்டும், தெற்கு நோக்கி.
மூன்றாம் தெரு நேராகக் கிடந்தது.
ஒரு நொடி கையை விட்டுப் பார்த்தேன்.
வண்டி சற்றே இடப்பக்கம் ஒதுங்கியது.

மேற்குக் காற்றாகத்தான் இருக்கும்.
இல்லையென்றால் அந்த அரைக்கால்.
கையை வைத்துக்கொண்டேன்.
கலப்பையை இறக்கினேன்.