மக்கு

நாற்றம் முதலில் எனக்குத் தெரியவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் ஹோல்ட்ஸ்வார்ட் அம்மாள்
துணி காயப்போடுவதை நிறுத்திய பிறகுதான் உறைத்தது.
மூன்றாம் நாள் அவளே வந்தாள்.
மூக்கைப் பொத்தவில்லை, கையை விசிறவில்லை.
"உங்கள் குவியலுக்கு மூச்சு முட்டுகிறது" என்றாள்.
எஸ்லிங்கனில் குறை சொல்வதற்கும்
ஓர் இலக்கணம் உண்டு.

முள்கரண்டியை விட்டுப் புரட்டினேன்.
மேலே கோஸ் தழை, காப்பித் தூள்,
பக்கத்து மரம் தானாக உதிர்த்த ஆப்பிள்கள்.
அடியில் கோடை முழுக்க வெட்டிப் போட்ட புல்
நனைந்த சாக்குபோல் ஒன்றோடொன்று ஒட்டி
வழுவழுவென்று.
பச்சை அதிகம், பழுப்பே இல்லை.
முப்பதுக்கு ஒன்று என்கிறது கணக்கு.

ஏழாம் வகுப்பு, விகிதமும் விகிதாசாரமும்.
செல்வரத்தினம் டீச்சர் என் நோட்டை மூடிவைத்து
"நீ மக்கு" என்றார்.
அந்தச் சொல்லை மடித்து எடுத்துக்கொண்டுதான்
விமானம் ஏறினேன்.
சுங்கத்தில் யாரும் கேட்கவில்லை.

காய்ந்த இலைக்கு அக்டோபர் வரவேண்டும்.
அட்டைப்பெட்டி இரண்டே இரண்டு.
அப்போதுதான் அலமாரியின் கீழ்த்தட்டு ஞாபகம் வந்தது.
ஆலையில் ஆள் குறைத்த பிறகு
வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் காட்டவென்று
ஒன்றுவிடாமல் அச்சிட்டு அடுக்கியவை:
நாற்பத்தொரு நிறுவனங்கள்,
நாற்பத்தொரு "வருந்துகிறோம்",
எல்லாவற்றின் கடைசி வரியிலும்
என் வருங்காலத்துக்கு வாழ்த்து.
கூடவே என் விண்ணப்ப நகல்கள், அலுவலகத்தின் கடிதங்கள்.
சமையலறைத் தராசில் நிறுத்தேன்.
ஒரு கிலோ நூற்றுப்பத்து கிராம்.

ராத்திரி உட்கார்ந்து கிழித்தேன்.
காகிதம் நீளவாக்கில் சொன்னபடி கேட்கிறது,
குறுக்கே அடம்பிடிக்கிறது.
உறைகளில் முகவரி தெரிகிற சின்னச் சன்னல் பிளாஸ்டிக்.
அதை மட்டும் நகத்தால் உரித்து
ஒரு கிண்ணத்தில் சேர்த்தேன்.
இதன் வழியாகத்தானே
என் பெயர் இத்தனை மாதம்
எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் எல்லாவற்றையும் வெளியே அள்ளினேன்.
கீழே காற்றுக்கு வேலிச் செடியின் குச்சிகள்,
ஒரு கை புல், மூன்று கை வருத்தம்,
மறுபடி புல்.
தண்ணீர் ஊற்றவில்லை, மழை அதைப் பார்த்துக்கொண்டது.

நான்காம் நாள் விடியலில் ஆவி.
நெக்கார் ஆற்றின் பனியோ என்று முதலில் நினைத்தேன்.
குவியலில் வெப்பமானியைச் சொருகினேன்,
கிறிஸ்துமஸ் குலுக்கலில் விழுந்த மாமிச வெப்பமானி.
வீட்டில் யாரும் மாமிசம் தொடுவதில்லை.
ஐம்பத்தேழு டிகிரி.
முள் நின்ற இடத்தில் ஒரு மாட்டின் படம்,
அதன் கீழே: அரை வேக்காடு.
தனியாக நின்று சிரித்தேன்.

அந்த வாரம் வேலிக்கு அப்பால்
தலையணை உறைகள் தொங்கின.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச்சில் சலித்தபோது
சல்லடையில் தங்கியவை
ஒரு பீச் கொட்டை,
வாழைப்பழத்து ஸ்டிக்கர் இரண்டு,
என் நகத்துக்குத் தப்பிய ஒரு சன்னல்.
துடைத்து வெயிலில் பிடித்தேன்.
பெயர் இல்லை.
திராட்சைச் சரிவு தெரிந்தது, கொஞ்சம் கோணலாக.

மக்காதது இது ஒன்றுதான், டீச்சர்.
மற்றதெல்லாம் கறுத்து, உதிர்ந்து,
மழை விட்ட மண்ணின் வாசத்தோடு
கைக்குள் சூடாக இருக்கிறது.

நாற்பத்திரண்டாவது விண்ணப்பம்
மேசைமேல் கிடக்கிறது.
இருக்கட்டும்,
முதலில் உருளைக்கிழங்கு நடவேண்டும்.