ஆறாவது வாரத்துப் படிவம்

திரு. ஓங்குக்கும் எனக்கும் ஒரே செவ்வாய்க்கிழமை.
யீஷூனில் ஒரே அறுவை அறை, காலையில் அவர், மதியம் நான்.
பீங்கான் பந்தின் அளவுகூட ஒன்றுதான் என்றார்கள்:
முப்பத்திரண்டு மில்லிமீட்டர்.

அவருக்குத் தேய்மானம்.
நாற்பது வருடம் பூப்பந்து ஆடித் தேய்த்தது.
நான் எதுவும் ஆடவில்லை.
இருபத்தாறு வயதில்
என் இரத்தமே என் மூட்டைப் பார்த்து
யார் நீ என்று கேட்டது.
முடக்குவாதம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் அவர் நடைச்சட்டத்தோடு
வார்டு முழுக்கப் போய்வந்தார்,
ஓட்டுக் கேட்டு வந்தவர் போல
ஒவ்வொரு கட்டிலுக்கும் தலையசைத்து.
என்னால் சட்டத்தைப் பிடிக்க முடியவில்லை.
இடுப்பு தயார்; விரல்கள் வரவில்லை.
கத்தி வைப்பதற்காக ஊசியை நிறுத்தியிருந்தார்கள்.
மணிக்கட்டு இரண்டும் அந்தக் கோபத்தில்
பன் போல உப்பியிருந்தன.

ஃபர்ஹானா எங்கிருந்தோ
முழங்கை வைத்துச் சாயும் வண்டியொன்றைத் தள்ளிவந்தாள்.
"ஃபேர்பிரைஸ் தள்ளுவண்டின்னு நெனச்சுக்கங்க அக்கா."
ஏழு அடி போனேன்.
வாங்குவதற்கு ஒன்றுமில்லை, திரும்பினேன்.

இன்று படிவம்.
காலுறை போட முடிகிறதா?
இந்த வெக்கையில் யார் போடுகிறார்கள்.
படி ஏற முடிகிறதா?
எங்கள் புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கும்.
எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்?
எம்ஆர்டி வரை,
நடுவில் வெற்றுத்தளத்துக் கல்மேசையில்
சதுரங்கம் ஆடும் மாமாக்களோடு ஒரு முறை உட்கார்ந்து.
அதற்குக் கட்டம் இல்லை.

நாற்பத்தெட்டுக்கு
ஓங் நாற்பத்தைந்து. நான் முப்பத்தொன்று.
என் தாளை எட்டிப் பார்த்தவர்
தன்னுடையதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
"இன்னும் ஸ்மாஷ் அடிக்க விடமாட்டேன் என்கிறார்கள்"
என்று குறைபட்டார், எனக்காக.

அறுவைக்கு முன் என் எண் ஒன்பது.
அதை யாரும் இந்தப் பக்கத்தில் கேட்கவில்லை.

கடைசியில், வேறு ஏதேனும், என்று இரண்டு கோடு.
பேனாவை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு எழுதினேன்:
ஞாயிறு இரவு
இடப்பக்கம் புரண்டு படுத்துவிட்டேன் போலிருக்கிறது.
விடிந்துதான் தெரிந்தது.

கோட்டில் இன்னும் இடமிருந்தது.
வலது எப்போது, என்று சேர்த்தேன்.