நூற்றுப் பதினேழாம் பக்கம்

மேல்முறையீடு பதிவகத்திலிருந்து திரும்பிவிட்டது.
குறைகள் ஒன்பது.
ஓரத்தில் விட வேண்டிய இடம் விடவில்லை.
அட்டவணையில் வக்கீல் கையெழுத்தில்லை.
நூற்றுப் பதினேழாம் பக்கம் மங்கல்,
தட்டச்சு செய்து இணைக்கவும்.
மற்ற எட்டையும் குமாஸ்தா பார்த்துக்கொள்வார்.
பக்கம் என்னிடம் வந்தது,
ஷேர்ஷா சாலையில், கறுப்புக் குடைக்குக் கீழே.

கொண்டுவந்தவள் தனபாக்கியம். மதன்கீர்.
மடிக்கக்கூடாது என்று யாரோ சொன்னதால்
இரண்டு காலண்டர் அட்டைக்கு நடுவில் வைத்து
பாவாடை நாடாவால் கட்டியிருந்தாள்.

அறுபது நாள் கெடு அவளுக்கு மனப்பாடம்.
நகலுக்கு எழுதிக்கொடுத்த நாள் முதல்
நகல் தயாரான நாள் வரை
கெடுவில் சேராது என்பதும் தெரியும்.
"அந்த இருபத்திரண்டு நாளை
திகார்லயும் கழிச்சுக்குவாங்களா?"
நான் தாளை வெயிலுக்கு எதிரே பிடித்தேன்.

கேள்வி பதினான்கு: வேறு ஏதும் சொல்ல விரும்புகிறாயா?
பதில்: உட்டானே கயா தா.
தூக்கத்தான் போனேன்.

எதை என்று இல்லை. யாரை என்றும் இல்லை.
கொளஞ்சி ஓக்லா மண்டியில் மூட்டை தூக்குகிறவன்,
அவன் இந்தியில் பாதி அந்த ஒரு வினைச்சொல்.
தராசடியில் அன்று விடிகாலை கிடந்தது
ரத்தத்தோடு ஒரு கமிஷன் ஏஜெண்ட்,
பக்கத்தில் அவருடைய பணப்பை.
கீழ்க்கோர்ட்டு பையைப் படித்தது.
ஏழு வருஷம்.

வினைக்கு முன்னால் ஒரு கறை,
நகலின் நகலின் நகலில் ஊறிய கறுப்பு.
'உன்கோ' என்றொரு சொல்
அதற்குள் தாராளமாகப் படுக்கும்.
இருந்தால் ஆள். மரியாதையோடு.
ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

"அவரைத் தூக்கத்தான்னு சொன்னாரு.
நான் பின்னாடியே நின்னுட்டிருந்தேன்."
என் விரல் அந்த எழுத்தின் மேல்தான் இருந்தது.
பக்கத்தின் அடியில் நான் அடித்தாக வேண்டிய வரி:
மூலத்துக்கு மாறாத உண்மை நகல்.

மூலம் சாகேத்தில், தைத்த கட்டில்.
புது நகலுக்கு மனு போட்டால் ஒரு வாரம்,
குறை தீர்த்துத் திருப்பிக் கொடுக்க மிச்சம் மூன்று நாள்.
அப்பீல் எடுத்துக்கொண்டபின் கட்டை மேலே வரவழைப்பார்கள்,
அப்போது தெரிந்துவிடும் என்றேன்.
எப்போது என்று அவள் கேட்கவில்லை.

கறை இருந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்தேன்.
அந்தத் திரையில் அவளுக்குப் படிக்கத் தெரிந்தது
அவை மட்டும்தான்.
"இதுக்கும் காசா?"
பக்கத்துக்குத்தான் என்றேன், முப்பத்தைந்து.

தாள் இன்னும் சூடாக இருந்தது.
அட்டைக்குள் வைக்காமல்
கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.